குழந்தைப் படமும் இணையப் போட்டியும்

பால் குடித்துத் தூங்கி எழுந்த குழந்தையை, வெயில் நேரடியாக விழாத சன்னலருகே கிடத்தி, ஃபிளாஷை அணைத்துவிட்டு, கேமராவை அதன் கண்மட்டத்துக்கு இறக்கிப் படமெடுங்கள். கண்கள் தெளிவாக விழுவதே முதன்மை. கை கால் அசைப்பு மங்கலாகாதிருக்க ஷட்டர் வேகம் (கேமரா ஒளியை உள்ளே விடும் நேரம்) 1/250 நொடியோ அதைவிட விரைவாகவோ இருக்கட்டும். கன்னத்துத் திருஷ்டிப் பொட்டை அழிக்க வேண்டியதில்லை, அது படத்துக்கு அழகே.

போட்டிக்கு அனுப்புமுன் விதிமுறைகளை முழுமையாகப் படித்து, படத்தை விளம்பரங்களில் பயன்படுத்தும் உரிமையை நடத்துபவர்கள் தமதாக்கிக்கொள்கிறார்களா, வாக்குகளுக்குப் பணம் கேட்கிறார்களா என்று பாருங்கள். கேட்டால், பரிசு எவ்வளவு பெரிதாயினும் விலகிவிடுவதே நல்லது. வாட்ஸ்அப் வழியே வந்த பிரதியில் பெரும்பாலும் தரம் குறைந்திருக்கும் என்பதால், மூலப்படத்தையே, அதில் பதிந்துள்ள இருப்பிடத் தகவலை நீக்கிவிட்டுப் பதிவேற்றுங்கள். குளிக்கும் படங்களை எக்காரணம் கொண்டும் அனுப்ப வேண்டாம்.