டிரைவரை அழிக்குமுன்: வயர்லெஸ் இணைப்பில் செய்யக்கூடாதவை

மவுஸ் விட்டுவிட்டு நகர்கிறது, ஹெட்செட் இணைய மறுக்கிறது என்றதும் பலர் நேராக டிரைவரை, அதாவது சாதனத்தைக் கம்ப்யூட்டர் இயக்க உதவும் மென்பொருளை, அழித்துவிட்டு மறுபடி போடுகிறார்கள். பெரும்பாலும் அது வீண் வேலை. டாங்கிள் (யூஎஸ்பி போர்ட்டில் செருகும் சிறு வயர்லெஸ் ரிசீவர்) எங்கே செருகியிருக்கிறது, ஹெட்செட் யாருடைய பிடியில் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

மவுஸ் டாங்கிளை யூஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க்குக்குப் பக்கத்துப் போர்ட்டில் செருகுவது எல்லா வீட்டிலும் நடக்கிற தவறு. யூஎஸ்பி 3 வழியாகத் தரவு ஓடும்போது எழும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் விழுகிறது. வயர்லெஸ் மவுஸும் புளூடூத்தும் இயங்குவது அங்கேதான். இன்டெல் 2012இலேயே இதை விளக்கி ஓர் அறிக்கை வெளியிட்டது. பெரிய ஃபைல் காப்பி ஆகும்போது மட்டும் மவுஸ் திணறினால் பெரும்பாலும் காரணம் இதுதான். டாங்கிளைத் தள்ளியிருக்கும் யூஎஸ்பி 2 போர்ட்டுக்கு மாற்றுங்கள். இன்னும் நல்லது, ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி டாங்கிளை மேசைக்கு மேலே கொண்டுவருவது. சிபியுவின் பின்பக்கம் செருகினால் இரும்புப் பெட்டியே சிக்னலை மறைக்கும். மதர்போர்டோடு வந்த வைஃபை ஆன்டெனாவைப் பொருத்தாமல் டப்பாவிலேயே விட்டுவைப்பவர்களும் உண்டு. புளூடூத்துக்கும் அது தேவை.

லேப்டாப்பில் ஏற்கெனவே புளூடூத் இருக்க, புதிதாக ஒரு புளூடூத் டாங்கிளையும் செருகுவது அடுத்த தவறு. விண்டோஸ் ஒரு நேரத்தில் ஒரு புளூடூத்தைத்தான் ஏற்கும். டாங்கிள்தான் வேண்டுமென்றால் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் லேப்டாப்புக்கு உள்ளிருப்பதை டிஸேபிள் செய்யுங்கள். அன்இன்ஸ்டால் செய்தால் ரீஸ்டார்ட் ஆனதும் திரும்ப வந்து நிற்கும்.

ஹெட்செட் விஷயம் வேறு. ஆன் செய்ததும் அது பழகிய போனைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். போனில் புளூடூத்தை அணைக்காமல் கம்ப்யூட்டரைத் திட்டிப் பயனில்லை. இணைந்த பிறகு இன்னொரு புகார் வரும்: பாட்டு அருமையாகக் கேட்கிறது, மீட்டிங்கில் சேர்ந்ததும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடுகிறது. ஹெட்செட் பழுதில்லை. சாதாரண புளூடூத்தில் தரமான ஸ்டீரியோ ஒலி ஒரு திசையில்தான் போகும். மைக் திறந்ததும் இணைப்பு போன் பேசுவதற்கான முறைக்கு மாறி, ஒலி மோனோவாகிச் சுருங்கிவிடும். மீட்டிங் செயலியின் ஆடியோ செட்டிங்ஸில் மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள், ஸ்பீக்கராக ஹெட்செட் இருக்கட்டும். எல்ஈ ஆடியோ என்ற புதிய புளூடூத் ஒலி முறை உள்ள புதிய சாதனங்களில் இந்தச் சிக்கல் தீரலாம், ஆனால் இரண்டு பக்கமும் அந்த வசதி இருக்க வேண்டும்.

புளூடூத் கீபோர்டை இணைக்கும்போது திரையில் ஓர் எண் வரும். அதைப் புதிய கீபோர்டிலேயே தட்டி என்டர் அழுத்த வேண்டும். பலர் லேப்டாப் கீபோர்டில் தட்டிவிட்டுக் காத்திருப்பார்கள். டெஸ்க்டாப்பில் ஒரே கீபோர்டும் புளூடூத் என்றால் ஒரு வயர் கீபோர்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் ஏறுமுன் வரும் பயாஸ் செட்டிங்ஸ் திரையில் பெரும்பாலும் புளூடூத் கீபோர்டு வேலை செய்யாது.

அப்புறம், "ஷட்டவுன் செய்து ஆன் பண்ணிப் பார்த்தாச்சு" என்பார்கள். சீக்கிரம் ஆன் ஆவதற்கான ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கும் விண்டோஸில் ஷட்டவுன் முழு ஷட்டவுன் அல்ல, ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றும். அதற்கும் அடங்காவிட்டால் டிரைவர் பக்கம் போகலாம். லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்குங்கள். விளம்பரத்தில் வரும் டிரைவர் அப்டேட்டர்கள் வேண்டவே வேண்டாம்.