ஏற்றுமதிப் பாகலில் பழ ஈ: மருந்துக்கு முன் செய்ய வேண்டியவை

2014 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்தோடு பாகல், புடலை, கத்தரி, சேம்பு இலை ஆகியவற்றுக்கும் தடை போட்டது. முக்கியக் காரணம் பழ ஈ. அந்தத் தடை பிறகு நீங்கியது, ஈ நீங்கவில்லை. காய்க்குள் உயிருள்ள ஒரு புழு கிடைத்தாலே சரக்கு நிராகரிக்கப்படும். புழுவுக்குப் பயந்து மருந்தடித்தால், எச்சம் மிகுந்ததென்று அதே கதிதான்.

முதலில் பிஞ்சைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெண் ஈ குத்தி முட்டையிட்ட இடத்தில் பிசின் துளியாகக் கசிந்திருக்கும். வளர வளரக் காய் அங்கே கோணிக்கொள்ளும். உள்ளே தின்று கொழுத்த புழு மண்ணில் விழுந்து, மேல்மண்ணிலேயே கூட்டுப்புழுவாகும். இலைமேல் அடிக்கும் மருந்து பெரும்பாலும் காய்க்குள் இருக்கும் புழுவை எட்டாது, மண்ணுக்குள்ளும் போகாது. ஆகவே வேலையைத் தரையிலிருந்து தொடங்குங்கள்.

கோணல் காய், உதிர்ந்த பிஞ்சு எல்லாவற்றையும் ஒவ்வொரு பறிப்பின்போதும் பொறுக்குங்கள். வரப்பில் வீசுவதும் எருக்குழியில் கொட்டுவதும் ஈக்குத் தொட்டில் கட்டிவிடுவதுதான். கிழியாத பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை இறுகக் கட்டி, நல்ல வெயிலில் சில நாள் கிடத்துங்கள், புழு வெந்துவிடும். கொடியடி மண்ணை அவ்வப்போது லேசாகக் கொத்திவிட்டால் கூட்டுப்புழுக்களை வெயிலும் எறும்பும் பார்த்துக்கொள்ளும். கோழி இருந்தால் இன்னும் நல்லது. கூலி ஆகிறதென்று பலர் தவிர்ப்பது இந்த வேலையைத்தான். என் கணக்கில் பாதிப் பலன் இதிலேயே இருக்கிறது.

பூக்கும் முன்பே ஏக்கருக்குப் பத்து கியூலூர் (ஈயை ஈர்க்கும் மணப்பொருள்) பொறிகளைப் பந்தலுக்கடியில் நிழலில் கட்டுங்கள். மாம்பழ ஈக்கு விற்கும் மெத்தில் யூஜினால் இங்கே உதவாது. கடையில் கியூலூர் என்றே கேட்டு வாங்குங்கள். இதில் விழுவது ஆண் ஈ மட்டும். பொறி நிறைந்ததும் நிம்மதியாகிவிடாதீர்கள். முட்டையிடுபவள் வெளியேதான் இருக்கிறாள்.

அவளுக்கு ஓரத்தில் மக்காச்சோளம் விதையுங்கள். பாகல் ஈ பெரும்பாலான நேரம் உயரமான செடிகளில்தான் ஒதுங்கியிருக்கும். நச்சு கலந்த இனிப்புக் கரைசலை அங்கே மட்டும் திட்டுத் திட்டாகத் தெளித்தால் காயில் ஒரு துளியும் படாது. எந்த மருந்து என்பதை வேளாண் அலுவலரிடமும், அது போகிற நாட்டில் செல்லுமா என்பதை வாங்குபவரிடமும் கேளுங்கள். எச்ச வரம்பு தனியாக வகுக்கப்படாத மருந்துக்கு ஐரோப்பாவில் கிலோ காய்க்கு 0.01 மில்லிகிராம்தான் அனுமதி.

பரப்பு சிறிதென்றால், பிஞ்சு மிகச் சிறிதாக இருக்கும்போதே காகிதப் பை மாட்டிவிடலாம். அலுப்பான வேலை, ஆனால் ஈ தொட முடியாது.

தெளித்த மருந்து, அளவு, தேதி மூன்றையும் அன்றன்றே நோட்டில் எழுதுங்கள். வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.