கறி வெந்துடுச்சான்னு தெர்மாமீட்டர் வெச்சு பாக்குறப்போ பண்ணக்கூடாத தப்புகள்

நிறத்தை பாத்தே கறி வெந்துடுச்சுன்னு முடிவு பண்றது தான் முதல் தப்பு. கொத்துக்கறி சில சமயம் சூடு பத்தாமலேயே பழுப்பா மாறிடும், பாக்க நல்லா வெந்த மாதிரியே இருக்கும், ஆனா கிருமி சாகுற அளவுக்கு உள்ள சூடு ஏறியிருக்காது. கோழில இதுக்கு நேர் எதிர், எலும்பு கிட்ட சிவப்பா தெரியுதேன்னு பயந்து இன்னும் கொஞ்ச நேரம் இன்னும் கொஞ்ச நேரம்னு வேக வெச்சு கறியை சக்கையாக்கிடுவாங்க, எளங்கோழில எலும்பு மஜ்ஜையோட நிறம் வெளிய கசிஞ்சு முழுசா வெந்த பிறகும் அப்படி தெரியறது சகஜம் தான். அதனால தெர்மாமீட்டர் கண்டிப்பா வேணும். ஆனா ஒண்ணு, ஸ்க்ரீன்ல வர்ற நம்பர், கறில குத்துற கம்பிக்குள்ள சூட்டை உணர்ற சென்சார் எங்க இருக்கோ அந்த ஒரு எடத்தோட சூட்டை தான் காட்டும், மத்த எடமெல்லாம் எவ்வளவு இருக்குன்னு அதுக்கு தெரியாது. இதை மறந்துடறதால தான் பாதி தப்பு நடக்குது.

வாங்குறப்பவே இதை யோசிக்கணும். முள்ளு நகர்ற டயல் டைப்புல சென்சார் நுனில மட்டும் இல்ல, நுனிலேந்து 5, 6 செ.மீ வரைக்கும் நீளமா இருக்கும், அந்த முழு நீளத்துக்கும் சேர்த்து சராசரியா ஒரு சூட்டை காட்டும். பெரிய துண்டுக்கு ஓகே. மெல்லிசான துண்டுல மேலருந்து குத்துனா பாதி சென்சார் கறிக்குள்ள பாதி காத்துல, அந்த நம்பரை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. டிஜிட்டல்ல சென்சார் நுனி கிட்டயே இருக்கும், தெர்மோகப்பிள் டைப்பா (ரெண்டு வேற வேற உலோகம் சேர்ற எடத்துல சூட்டை அளக்குற வகை) இருந்தா சில நொடில நம்பர் வந்துடும், வீட்டுக்கு ஒண்ணே ஒண்ணு வாங்கறதா இருந்தா கம்பி மெல்லிசா இருக்குற டிஜிட்டல் தான் நான் சொல்லுவேன். துப்பாக்கி மாதிரி இருக்குற இன்ஃப்ராரெட் மாடல் மேல்பரப்பு சூட்டை மட்டும் தான் காட்டும், கறிக்குள்ள என்ன நடக்குதுன்னு அதுக்கு தெரியவே தெரியாது. காய்ச்சல் பாக்குற தெர்மாமீட்டரை எடுத்து கறில குத்துறதெல்லாம் வேணவே வேணாம், அது 42, 43 டிகிரி தாண்டி காட்டாது, பழைய கண்ணாடி மாடல்னா உடைஞ்சு பாதரசம் கொட்டுற ஆபத்தும் இருக்கு.

இப்போ எப்படி குத்துறதுன்னு பாப்போம், இதுல தான் ரொம்ப பேர் அவசரப்படறாங்க. தடிமனான எடத்துல குத்தணும், எலும்பு மேலயும் சட்டி மேலயும் நுனி படக்கூடாது, பட்டா அதோட சூடு தான் வரும். மெல்லிசான துண்டுன்னா பக்கவாட்டுல குத்துங்க. கம்பியை ஒரே அழுத்தா அழுத்திட்டு நம்பர் பாக்காதீங்க, மெதுவா உள்ள தள்ளிக்கிட்டே ஸ்க்ரீனை கவனிங்க, 80, 75, 70னு எறங்கிக்கிட்டே வந்து ஒரு எடத்துல மறுபடி ஏற ஆரம்பிக்கும், அப்படின்னா நடுப்பகுதியை தாண்டிட்டீங்கன்னு அர்த்தம், கொஞ்சம் பின்னாடி இழுத்து எங்க கம்மியா காட்டுதோ அது தான் உங்களுக்கு வேண்டிய நம்பர். அந்த எடத்துல நம்பர் ஓடாம நிக்கற வரைக்கும் காத்திருங்க. முழுக்கோழின்னா மார்புல தடிமனான பகுதி, தொடையோட உள்பக்கம்னு ரெண்டு மூணு எடத்துல பாக்கணும். துண்டு துண்டா போட்டிருந்தா பெரிய துண்டை பாருங்க. ஓட்டை போட்டா சாறெல்லாம் போயிடும்னு சொல்றவங்க இருக்காங்க, மெல்லிசான கம்பில போறது ரொம்ப ரொம்ப கம்மி, அதுக்காக பாக்காம விடாதீங்க.

எல்லா கறிக்கும் ஒரே நம்பர்னு நெனைக்கிறதும் தப்பு தான். அமெரிக்க விவசாயத் துறை சொல்ற கணக்கு இது: கோழிக்கு 74 டிகிரி செல்சியஸ், மாடு ஆடு பன்னி எதுவா இருந்தாலும் கொத்துக்கறிக்கு 71, அதுவே முழுத்துண்டுன்னா 63, அதோட அடுப்புலேந்து எடுத்து 3 நிமிஷம் அப்படியே விடணும். முழுத்துண்டுக்கு ஏன் கம்மின்னா கிருமி பெரும்பாலும் மேல்பரப்புல தான் இருக்கும், கொத்துறப்போ அது உள்ள முழுக்க கலந்துடுது. சூட்டோட நேரமும் கணக்கு, பிரிட்டன்ல உணவு பாதுகாப்புத் துறை 70 டிகிரில 2 நிமிஷம், இல்லன்னா 75ல 30 நொடின்னு சொல்றாங்க. இதெல்லாம் பாதுகாப்புக்கான நம்பர், கறி மெத்துனு இருக்குமான்றது வேற விஷயம். கால் கறி மாதிரி நரம்பும் ஜவ்வும் உள்ள பகுதி 63ல பாதுகாப்பா இருக்கும், ஆனா ரப்பர் மாதிரி இருக்கும், ஜவ்வு கரைய 90 டிகிரி கிட்ட போய் அங்கயே ரொம்ப நேரம் நிக்கணும். இன்னொண்ணு, பெரிய துண்டு அடுப்புலேந்து எடுத்த பிறகும் உள்ள சில டிகிரி ஏறும், முழுத்துண்டை கொஞ்சம் முன்னாடியே எடுத்தா காய்ஞ்சு போகாது, ஆனா அப்புறமும் ஒரு தடவை குத்தி பாத்துட்டு தான் வெட்டணும்.

செல்சியஸ் ஃபாரன்ஹீட் குழப்பம் வந்தா பயப்படாதீங்க. சாதாரண பாத்திரத்துல வேகுற கறி உள்ள ஈரம் இருக்குற வரைக்கும் 100 டிகிரி செல்சியஸை தாண்டாது, அதனால 165னு காட்டுச்சுன்னா அது ஃபாரன்ஹீட், அதாவது 74.

புதுசா வாங்குனதையும் அப்படியே நம்பிட வேணாம், கீழ விழுந்து எந்திரிச்சதை சுத்தமா நம்பாதீங்க. ஒரு டம்ளர் நெறைய நொறுக்கின ஐஸ் போட்டு இடுக்கு நிறையுற அளவுக்கு மட்டும் தண்ணி ஊத்தி நல்லா கலக்கி ஒரு ரெண்டு நிமிஷம் விடுங்க, கம்பியை டம்ளர்ல படாம நடுவுல பிடிச்சா 0 காட்டணும். தண்ணி ஜாஸ்தியா ஐஸ் நாலு கட்டி மட்டும் மிதந்தா 3, 4னு காட்டும், அதை பாத்து தெர்மாமீட்டர் மேல பழி போடாதீங்க. கொதிக்கிற தண்ணில பாக்கறவங்க ஊரோட உயரத்தையும் சேர்த்து பாக்கணும், சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும், 2000 மீட்டர் உயரத்துல தண்ணி 93லயே கொதிச்சிடும். டயல் டைப்புல பின்னாடி ஒரு நட்டு இருந்தா அதை திருப்பி சரி பண்ணிக்கலாம், டிஜிட்டல்ல பேட்டரி மாத்தி பாருங்க, அப்பவும் ரெண்டு டிகிரிக்கு மேல தப்பா காட்டுச்சுன்னா மாத்திடுறது நல்லது.

டக்குனு பாக்குற டிஜிட்டலை ஓவனுக்குள்ள வெச்சு மூடாதீங்க, பிளாஸ்டிக் உருகிடும், உள்ளயே விடணும்னா வயர் வெச்ச மாடல் தனியா இருக்கு. அப்புறம் கழுவுறது. 50 டிகிரி காட்டுன கம்பில பச்சைக்கறியோட கிருமி ஒட்டியிருக்கும், அதை துடைக்காம பத்து நிமிஷம் கழிச்சு வெந்த கறில குத்துனா நீங்களே கிருமியை உள்ள கொண்டு போறீங்க, அதனால ஒவ்வொரு தடவையும் சோப்பும் சுடுதண்ணியும் போட்டு கம்பியை மட்டும் கழுவுங்க, தலைப்பகுதில தண்ணி போகக்கூடாது. மிச்ச கறியை மைக்ரோவேவ்ல சூடு பண்றப்போ தெர்மாமீட்டரை உள்ள வெக்காம வெளிய எடுத்து, நல்லா கிளறி, ஒரு நிமிஷம் விட்டு நாலு எடத்துல குத்தி பாருங்க, எல்லா எடத்துலயும் 74 வரணும்.