கட்டம் போட்ட நிலத்தைப் படிப்பது எப்படி? ஆயோவாவின் ஸ்பிரிங்டேல் டவுன்ஷிப்

அமெரிக்காவின் மிட்வெஸ்ட் பகுதியைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் வயலும் சாலையும் கட்டம் கட்டமாகத் தெரியும். 1785இல் வந்த நிலச் சட்டம் போட்ட கோடுகள் அவை. அவற்றைப் படிக்கத் தெரிந்தால் ஒரு கிராமப்புற டவுன்ஷிப்பின் (பக்கத்துக்கு 6 மைல் கொண்ட சதுர நிலப்பிரிவு) கதை பாதி கைக்கு வந்துவிடும். ஒரு தாளும் பென்சிலும் போதும்.

படி 1: முகவரி

நமது எடுத்துக்காட்டு ஆயோவா மாநிலம், சீடர் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போன்றது) உள்ள ஸ்பிரிங்டேல். இதன் நில முகவரி டி79என், ஆர்4டபிள்யூ. ஆர்கன்சாஸில் இருக்கும் தொடக்கப் புள்ளியிலிருந்து வடக்கே 79ஆவது வரிசை, மேற்கே 4ஆவது பத்தி என்று பொருள்.

படி 2: 36 கட்டம்

பக்கத்துக்கு 6 மைலாக ஒரு சதுரம் வரைந்து 36 கட்டமாகப் பிரியுங்கள். ஒரு கட்டம் ஒரு செக்‌ஷன், 640 ஏக்கர். எண் போடுவதில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். வடகிழக்கு மூலையில் 1. அங்கிருந்து மேற்கே 6 வரை போய், அடுத்த வரிசையில் 7 முதல் 12 வரை கிழக்கே திரும்ப வேண்டும். ஏர் ஓட்டுகிறவர் வயல் ஓரத்தில் திரும்புவாரே, அதே போக்கு. 36 தென்கிழக்கு மூலையில் முடியும்.

அளந்தது கண்டர் சங்கிலி எனப்படும் 66 அடி நில அளவைச் சங்கிலியால். ஒரு சதுரச் சங்கிலி நம்மூர்க் கணக்கில் சரியாக 10 சென்ட். பூமி உருண்டை என்பதாலும் அளவுப் பிழையாலும் வரும் கூடுதல் குறைவை வடக்கு, மேற்கு ஓரக் கட்டங்களில் தள்ளிவிடுவார்கள். அங்கே 640 வராவிட்டால் குழம்ப வேண்டாம்.

படி 3: 16ஆம் கட்டத்துக்கு வண்ணம்

இது பள்ளிக்கூடத்துக்கென ஒதுக்கிய நிலம். பள்ளி இங்கேயே கட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. விற்ற பணம் பள்ளி நிதிக்குப் போனது. ஊர் உருவாகும் முன்பே படிப்புக்கு இடம் வைத்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

படி 4: சாட்சி மரங்கள்

அமெரிக்க மத்திய அரசின் நில நிர்வாக அலுவலகத் தளத்தில் பழைய சர்வே வரைபடங்கள் இலவசமாகக் கிடைக்கும். சர்வேயர்களின் குறிப்பேடு கிடைத்தால் இன்னும் நல்லது. மூலையில் முளை அடித்ததும் அருகிலுள்ள மரத்தின் வகை, பருமன், திசை, தூரம் எல்லாம் எழுதினார்கள். மரமே இல்லையென்றால் அது பெரும்பாலும் புல்வெளி. ஏர் படுவதற்கு முந்தைய நிலத்தை இன்றைக்கு ஆய்வாளர்கள் மீட்டு வரைவது இந்தக் குறிப்புகளை வைத்துத்தான்.

படி 5: மனிதர்களை வையுங்கள்

மேற்கு ஓரத்தில் வெஸ்ட் பிராஞ்ச் ஊர். 1874இல் ஹெர்பர்ட் ஹூவர் பிறந்தது இங்கேதான். பிற்காலத்தில் அமெரிக்க அதிபரானார். அதைவிட ஸ்பிரிங்டேல் கிராமத்தின் கதை என்னை அதிகம் உலுக்கியது. இங்கே குடியேறிய குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் ஆயுதத்தை வெறுத்தவர்கள். அடிமை முறையை அதைவிட வெறுத்தவர்கள். 1857-58 குளிர்காலத்தில், அடிமை முறையை ஆயுதத்தால் ஒழிக்க முயன்ற ஜான் பிரவுனின் ஆட்கள் கிராமத்துக்கு வடகிழக்கே ஒரு பண்ணையில் தங்கிப் போர்ப் பயிற்சி எடுத்தார்கள். 1859இல் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஊரின் அரசு ஆயுதக் கிடங்கின் மீது பிரவுன் நடத்திய தாக்குதலில் இவ்வூர்ச் சகோதரர்கள் எட்வின் கொப்பாக்கும் பார்க்ளே கொப்பாக்கும் சேர்ந்தார்கள். பார்க்ளே தப்பினார். எட்வின் அந்த டிசம்பரில் தூக்கிலிடப்பட்டார்.

படி 6: கட்டத்துக்கு முன்னால் யார்?

இதை விட்டுவிடாதீர்கள். கிழக்கு ஆயோவா சாக், மெஸ்குவாக்கி என்ற பூர்வகுடி மக்களின் நிலம். 1832 பிளாக் ஹாக் போரில் தோற்றபின் ஒப்பந்தங்களால் அது பறிபோனது; சர்வே சங்கிலி வந்தது அதன் பிறகுதான். 1857இல் மெஸ்குவாக்கிகள் டாமா கவுண்டியில் 80 ஏக்கரைக் காசு கொடுத்து வாங்கினார்கள். அவர்களின் குடியிருப்பு இன்றும் அங்கே இருக்கிறது.

ஒரு செக்‌ஷனை எட்டாகப் பிரித்தால் 80 ஏக்கர் வரும். அதே அளவில் அதையும் வரைந்து உங்கள் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.