மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி: குமரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டத்தில் மார்கழிக் குளிரிலும் தொட்டித் தண்ணீர் உறையாது. குழாய்க்குக் கம்பளி சுற்றுவது, தொட்டிக்குள் ஹீட்டர் போடுவது எல்லாம் பனி பெய்யும் ஊர்க்காரர்கள் பாடு. இங்கே தொட்டியைப் படுத்துபவை காற்றும் மழையும் வெயிலும் கடல் உப்பும்தான். அதிலும் தொட்டி தானாகக் கெடுவது குறைவு. அடியில் வைத்த மேடை, பக்கத்தில் பூட்டிய குழாய், மேலே போட்ட மூடி என்று சுற்றியுள்ளவைதான் அதைக் கெடுக்கின்றன.

1000 லிட்டர் தொட்டி நிறைந்தால் தண்ணீர் எடை மட்டும் ஒரு டன். அதை நாலு செங்கல்லிலோ இரண்டு பலகையிலோ உட்கார வைத்தால், இடைவெளி இருக்கும் இடத்தில் பிளாஸ்டிக் அடி மெல்லத் தொய்யும். உடனே ஒன்றும் தெரியாது. மாதக்கணக்கில் இழுபட்ட பிறகு அவுட்லெட் துளையைச் சுற்றிக் கீறல் விடும்; பழி தொட்டிக் கம்பெனி மேல் விழும். அடிப்பாகம் முழுவதும் மேடையில் படிய வேண்டும். மேடை தொட்டியைவிடச் சுற்றிலும் 10 செ.மீ. அகலமாக, ரசமட்டம் பார்த்துப் பூசியதாக இருக்கட்டும். பூச்சில் துருத்திய ஒரு ஜல்லிகூட அடியைக் குத்தும். ஸ்லாபின் நட்டநடுவில் கட்டாமல், சுவருக்கோ பீமுக்கோ நேர் மேலே கட்டுங்கள்.

நிறைந்த தொட்டியைக் காற்று அசைக்காது. காலித் தொட்டியை உருட்டிவிடும். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஆடிக்காற்றே போதும். புயல் எச்சரிக்கை வந்ததும் மோட்டாரைப் போட்டுத் தொட்டியை விளிம்புவரை நிரப்புவதுதான் முதல் வேலை. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்தபின் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் நிரப்பி வைத்த தண்ணீர்தான் வீட்டுக்குக் கை கொடுக்கும். கழுத்தில் மட்டும் கயிறு கட்டினால் நழுவும். தொட்டியின் மேலே குறுக்கும் நெடுக்குமாக நைலான் பட்டை போட்டு, மேடையில் பதித்த கொக்கிகளில் இழுத்துக் கட்ட வேண்டும். குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களில் இரும்புக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். நைலானும் வெயிலில் இற்றுப்போகும் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

ஒழுக்கு பெரும்பாலும் தொட்டிச் சுவரில் குழாயைப் பூட்டும் டேங்க் நிப்பிளில்தான் தொடங்கும். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் ஓட்டை போட்டால் விளிம்பு கோணலாகி, வாஷர் சரியாக உட்காராது. டிரில்லில் மாட்டும் வட்ட ரம்பமான ஹோல் சா போட்டு வெட்ட வேண்டும். ரப்பர் வாஷர் சமமாக அமுங்கும் அளவுக்கு முடுக்கினால் போதும். ஸ்பானர் போட்டு முரட்டுத்தனமாகத் திருகினால் வாஷர் பிதுங்கிவிடும். ஒழுகும்போது வெளியிலிருந்து எம்-சீல் பசை அப்புவது வீண்வேலை. தொட்டியின் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கில் அது பிடிக்காது, சில நாளில் அப்படியே உரிந்து வரும். தண்ணீரை இறக்கிவிட்டு வாஷரை மாற்றுவதே வழி. கீழிறங்கும் குழாயின் பாரம் தொட்டிச் சுவரில் தொங்காமல் கிளாம்ப் போட்டுத் தாங்க வேண்டும்; தொட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு வால்வும், குழாயை வெட்டாமல் கழற்ற உதவும் யூனியன் இணைப்பும் இருந்தால் பிறகு கழற்றுவது சுலபம். வெயில் படும் பிவிசி குழாய்க்குப் பெயிண்ட் அடித்துவிடுங்கள், இல்லையென்றால் அது நாளடைவில் நொறுங்கும்.

மூடி பறக்காமலிருக்க மேலே கல்லைத் தூக்கி வைப்பார்கள். வெயிலில் காய்ந்த மூடி அந்தக் கல்லாலேயே விரியும். விரிசல் வழியே மழையும் கொசுவும் உள்ளே போகும். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். மூடியைக் கட்டி வையுங்கள். ஓவர்ஃப்ளோ குழாய் வாயிலும் காற்றுத் துளையிலும் நைலான் வலை கட்டுங்கள். காற்றுத் துளையை மட்டும் அடைத்துவிடாதீர்கள். பெரிய வால்வைத் திறந்து தண்ணீர் வேகமாக இறங்கும்போது காற்று உள்ளே போக வழியில்லாவிட்டால் தொட்டி உள்நோக்கி ஒடுங்கும்.

இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை கழுவலாம். பிளீச்சிங் பவுடரை அப்படியே தொட்டிக்குள் வீசுவது பரவலான தவறு. சுண்ணாம்புக் கசடு அடியில் தங்கிவிடும். வாளியில் கரைத்து, கசடு படிந்தபின் தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். 33 சதவீதக் குளோரின் உள்ள பவுடர் என்றால், கழுவிய 1000 லிட்டர் தொட்டிக்கு 150 கிராம். நிரப்பி ஒரு ராத்திரி விட்டு, குழாய்களிலும் ஓடவிட்டு, முழுவதையும் வெளியேற்றி நல்ல தண்ணீரில் அலச வேண்டும். அன்றாடத் தண்ணீருக்கு 1000 லிட்டருக்குச் சுமார் 4 கிராம் போதும். கலந்து ஒரு மணி நேரம் கழித்துப் புழங்கலாம். நம்மூர் ஈரக்காற்றில் திறந்து வைத்த பொட்டலம் விரைவில் வீரியம் இழக்கும். போன வருட மிச்சத்தை நம்பாமல் புதிதாக வாங்குங்கள். பாசி போகவில்லையென்று கழிப்பறை ஆசிட்டைப் பிளீச்சிங் பவுடரோடு சேர்த்தால் விஷமான குளோரின் வாயு கிளம்பும். மூடி வழியாக உள்ளே இறங்கித் தேய்ப்பவருக்கு அது உயிராபத்து.