புது வீட்டின் முதல் வரி பில்லை நம்பி இருந்துவிடாதீர்கள்

இலங்கையில், ஊரில் சோலை வரியை, அதாவது வீட்டு வரியை, ஜனவரி 31க்கு முன் முழு வருடத்துக்கும் கட்டி, 10 வீதக் கழிவும் வாங்கிப் பழகியவர்கள் நாங்கள். கனடாவில் ஒன்ராறியோவில் வீடு வாங்கினால் இந்த வரி மாதாமாதம் உறைக்கிற செலவு.

வீட்டை மதிப்பிடுவது எம்பாக் (MPAC) என்ற, மாகாணம் முழுவதற்குமான மதிப்பீட்டு நிறுவனம். இன்னும் 2016 ஜனவரி 1 விலையில்தான் மதிப்பிடுகிறது. ஆகவே பக்கத்து வீடு நல்ல விலைக்குப் போனதால் உங்கள் வரி ஏறாது. ஏற்றுவது நகரசபையின் செலவு. பொலிஸ், தீயணைப்பு, பஸ், பனி அள்ளுவது என்று எல்லாவற்றுக்கும் திட்டம் போட்டு, மற்ற வருமானத்தைக் கழித்து, மிச்சத்தை வீடுகள், கடைகள் மீது பங்கு பிரிக்கிறார்கள். அன்றாடச் செலவுக்குத் துண்டு விழும் பட்ஜெட் போட நகரசபைக்குச் சட்டம் இடம் கொடுக்காது. ரொறன்ரோவில் 2024இல் 9.5 வீதமும் 2025இல் 6.9 வீதமும் ஏறியது இப்படித்தான். வருடத்தின் முதல் பில் போன வருட வரியில் பாதி என்பதால், ஏறியது முழுவதும் பிற்பாதிப் பில்லில் வந்து விழும்.

சரி, இனித்தான் முக்கியமான விஷயம். என் மச்சாள் குடும்பம் ரொறன்ரோவுக்கு வெளியே புதுக் குடியிருப்பில், கட்டிய கம்பனியிடமே வீடு வாங்கியது. முதல் பில் சில நூறு டொலர்தான். இந்தப் பக்கம் வரி மலிவு என்று நம்பி, கையில் இருந்த காசைப் போட்டு பேஸ்மென்டை முடித்தார்கள். அந்தப் பில் வெறும் காணிக்கு மட்டும் போட்டது! வீட்டை எம்பாக் பிறகுதான் மதிப்பிடும். அப்போது அந்த வருடத்துக்கும், அதற்கு முந்தைய இரண்டு வருடங்கள் வரைக்கும் சேர்த்து வரி கேட்கலாம். அவர்களின் குசினி மேசையில் பரப்பிக் கிடந்த கடதாசிகளைப் பார்த்தேன். வருடத்துக்கு ஒன்றாக மூன்று பில், மொத்தம் பதினோராயிரம் டொலருக்கு மேல். பிந்தினால் மாதம் 1.25 வீதம் தண்டம். வீடு விற்ற முகவருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. சாவி கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நினைக்க இப்போதும் கோபம் வருகிறது.

அதனால் பில்லில் மதிப்பு என்று போட்டிருக்கும் தொகையை முதலில் பாருங்கள். வீட்டுக்குப் பொருந்தாமல் சின்னதாக இருந்தால், அதே ஊரில் அதே அளவு பழைய வீட்டுக்காரரிடம் வருட வரி கேட்டு, பன்னிரண்டில் ஒரு பங்கை மாதாமாதம் தனியாகப் போடுங்கள். மோட்கேஜோடு வரியையும் வங்கி எடுக்கிறது என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். வங்கியும் அந்தச் சின்னப் பில்லைப் பார்த்துத்தான் எடுத்திருக்கும்.

மதிப்பு பிழை என்றால், மதிப்பீட்டு அறிவித்தலில் உள்ள திகதியிலிருந்து 120 நாட்களுக்குள் எம்பாக்கிடம் மறுபரிசீலனை கேட்கலாம். வரி வீதத்தை அங்கே குறைக்க முடியாது. அதற்கு பட்ஜெட் கூட்டத்துக்குப் போக வேண்டும், யாரும் பேசலாம். கோயில் பொதுக்கூட்டத்தில் திருவிழாச் செலவுக்கு ஒரு டொலர் விடாமல் கணக்குக் கேட்கிற சனம் நாங்கள். அந்த வாய் நகரசபையிலும் கேட்க வேண்டும்.

அப்புறம், பிந்தி வரும் பில்லில் எந்தத் திகதியிலிருந்து வரி போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். வீடு உங்கள் கைக்கு வருவதற்கு முந்தைய நாட்கள் அதில் இருந்தால், கட்டுவதற்கு முன் லோயரிடம் காட்டுங்கள்.