செலரியாக்: கரடுமுரடான அந்தக் கிழங்கின் பெயர்கள்

ஐரோப்பாவுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்களா? காய்கறிப் பகுதியில் மண் ஒட்டி, வேர்கள் பின்னிக்கொண்டு, தேங்காய் அளவில் ஒரு பழுப்பு உருண்டை கிடக்கும். அதுதான் செலரியாக். தண்டாகச் சாப்பிடும் செலரியின் அதே இனம்தான், ஆனால் அடிப்பகுதி பருப்பதற்காகவே வளர்க்கப்பட்ட வகை.

குழப்பம் பெயரில்தான். பிரிட்டனில் செலரியாக், அமெரிக்காவில் செலரி ரூட். பிரான்சில் செலெரி ராவ், இத்தாலியில் சேதனோ ராபா. ஜெர்மனியில் முழுப்பெயர் க்னோலன்செல்லரி. ஆனால் சமையல் குறிப்பில் வெறுமனே 'செல்லரி' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் இந்தக் கிழங்குதான். தண்டு வேண்டுமென்றால் 'ஷ்டாங்கன்செல்லரி' அல்லது 'ஷ்டௌடன்செல்லரி' என்று தேட வேண்டும். போலந்திலும் இதே கதை: 'செலெர்' என்றால் கிழங்கு. ஆங்கிலத்திலோ நேரெதிர், செலரி என்றாலே தண்டு. ஜெர்மனியிலும் போலந்திலும் கட்டாகக் கட்டி விற்கும் சூப் காய்கறிகளிலும், கேரட், லீக்ஸ் பக்கத்தில் இதன் துண்டு ஒன்று இருக்கும்.

ஒவ்வாமை உள்ளவர்கள் இந்தப் பத்தியை மட்டுமாவது படியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் பொட்டலத்தில் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்களில் செலரியும் ஒன்று. கிழங்கும் அதில் அடக்கம். சூப் கட்டி, மசாலாக் கலவை, சாஸ் என எதிர்பாராத இடங்களில் எல்லாம் ஒளிந்திருக்கும். அந்த நாட்டு மொழியில் அதன் பெயரைத் தெரிந்துகொள்ளாமல் லேபிளைப் படித்துப் பயனில்லை.

வாங்கும்போது கையில் கனமாக இருப்பதை எடுங்கள். மிகப் பெரியவை சில நேரம் உள்ளே சொதசொதவென்றோ பொள்ளலாகவோ இருக்கும். தோலைச் சீவியால் சீவ முயல வேண்டாம், வேர் மடிப்புகளில் மண் மாட்டிக்கொள்ளும். இரண்டு பக்கமும் வெட்டி நிறுத்தி, கத்தியால் தடிமனாகவே செதுக்குங்கள். வீணாவதைப் பார்த்து மனம் பதறத்தான் செய்யும். வெட்டியதும் கறுக்கும் என்பதால் எலுமிச்சைச் சாறு விட்ட தண்ணீரில் போடுங்கள்.

சுவை செலரித் தண்டு போலத்தான், கொஞ்சம் இனிப்புடன். உருளைக்கிழங்கை விட மாவுச்சத்து மிகக் குறைவு. குழம்பு கெட்டியாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதல் தடவை பாதிக்குப் பாதி உருளைக்கிழங்கோடு சேர்த்து வேகவைத்து மசித்துப் பாருங்கள், வாசனை பிடிக்காதவர்களுக்கும் இறங்கும். மீதியைச் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். வெட்டாத கிழங்கு வாரக்கணக்கில் கெடாது.